ஹெரால்டு சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங்கா, பெயின்ட்டா? கடலோரத்தில் கணக்கு வேறு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நண்பர் ஒருவர், அவருடைய அப்பா ஓட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் போல்ட் போல்ட்டாகக் கழற்றிப் போட்டிருக்கிறார். பாடி ஒரு பக்கம், அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் ஒரு பக்கம், சின்னச் சாமான்கள் எல்லாம் சாக்குகளில். "மொத்தத்தையும் டாடா ஏஸில் ஏத்தி மேட்டுப்பாளையம் எஸ்டேட்டுக்குக் கொண்டுபோய்ப் பவுடர் போட்டுட்டா ஒரே வேலையா முடிஞ்சிடும் மச்சான்" என்பது அவர் யோசனை. (கோவைப் பக்கத்து மேட்டுப்பாளையம் இல்லை, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை.) சாக்கில் இருப்பதில் முக்கால்வாசிக்குச் சரி, பாடிக்கு முடியாது, சேசிஸுக்கு வேண்டாம் என்றேன். முதல் இரண்டையும் ஒத்துக்கொண்டார். சேசிஸ் விஷயத்தில் மட்டும் இன்னும் சண்டை ஓடுகிறது. அதனால் இங்கேயும் சேசிஸைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

முதலில் இரண்டும் என்னவென்று பார்த்துவிடலாம். பவுடர் கோட்டிங்கில் தின்னர் கிடையாது. உலர்ந்த பிசின் தூளுக்கு மின்னேற்றம் கொடுத்து, எர்த் செய்து தொங்கவிட்ட இரும்பின் மேல் தெளிப்பார்கள். தூள் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஓவன். இரும்பு 180 முதல் 200 டிகிரிச் சூட்டுக்கு வந்தபின் 10 முதல் 20 நிமிடம் அதே சூட்டில் நிற்க வேண்டும். தூள் உருகி ஓடி இறுகி ஒரே தோலாகிவிடும். ஒரே தடவையில் 60, 80 மைக்ரான் கனம் கிடைக்கும். ஒழுகல் இல்லை, காயவைக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. காலையில் கொடுத்தால் மாலையில் எடுத்துவந்து பூட்டலாம்.

பெயின்ட் என்று நான் சொல்வது ஹார்டுவேர் கடை எனாமல் இல்லை. ரெட் ஆக்சைடு ஒரு கோட், கறுப்பு ஒரு கோட் என்று லாரிக்கு அடிக்கிற கணக்கும் இல்லை. இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் அதே போல இரண்டு டப்பா பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்ட். நல்ல பவுடர் வேலையை மட்டமான பெயின்ட் வேலையோடு ஒப்பிட்டுப் பவுடர்தான் ஒசத்தி என்று முடிவுகட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது. ஒப்பிடுவதென்றால் நல்லதோடு நல்லதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

புதிதாக இருக்கும்போது பவுடரின் கை ஓங்கித்தான் இருக்கும். ஸ்பேனர் வழுக்கி இடித்தாலும், சின்னக் கல் தெறித்தாலும் அது பி.யூ.வை விட அதிகம் தாங்கும். இதில் எனக்கு மறுப்பே இல்லை. இன்டர்நெட்டில் பவுடரைப் புகழ்கிறவர்கள் சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். ஆனால் கடலோரத்தில் கேட்க வேண்டிய கேள்வி, எது அதிக நாள் தாங்கும் என்பது இல்லை. ஒரு நாள் இரண்டுமே எங்காவது விட்டுக்கொடுக்கத்தான் போகின்றன. அப்படி விடும்போது நம் கண்ணுக்குத் தெரியுமா, தெரிந்தால் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

இதற்குப் பதில் தெரிய எந்த ஆய்வுக் கட்டுரையும் வேண்டாம். புதுச்சேரியில் வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பக்கம், கடற்கரையை ஒட்டிய நாலு தெருக்களில் மாடி கிரில்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். பவுடர் போட்ட கிரில் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இன்னும் கறுப்பாகப் பளபளக்கும். கிட்டே போய், கம்பியும் பட்டையும் வெல்டிங்கில் சேரும் மூலையைப் பாருங்கள். அங்கே தோல் லேசாக உப்பி நிற்கும். கட்டைவிரலால் அழுத்தினால் அப்பளம் போல நொறுங்கும். நகத்தைக் கொடுத்து இழுத்தால் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை உரிந்து வரும். அதன் உள்பக்கம் ஈரமான செம்மண் நிறத் துரு. மேலே உரியாத இடத்திலும் அடியில் துரு ஓடியிருக்கும். பக்கத்து வீட்டில் சாதா எனாமல் அடித்த கிரில் பார்க்க அசிங்கமாக இருக்கும். அங்கங்கே துருப் புள்ளி, அங்கங்கே திட்டு. ஆனால் அந்த வீட்டுக்காரர் பொங்கலுக்கு முன்னால் எமரி போட்டுத் தேய்த்து இன்னொரு கோட் அடித்துவிடுவார். கம்பி இருக்கும்.

பவுடர் தோலில் சின்ன விரிசல் விழுந்தால், உப்புத் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போய்த் தோலுக்கும் இரும்புக்கும் நடுவில் பரவிக்கொண்டே இருக்கும். தோல் தடிமனாக, ஒரே துண்டாக இருப்பதால் அது உடனே உதிராது. உள்ளே நடப்பதை மூடிவைக்கும். பெயின்ட்டிலும் இது நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடியில் இரும்பை நன்றாகப் பிடித்திருக்கும் எபாக்ஸி பிரைமர் இருந்தால் துரு அவ்வளவு வேகமாக ஓடாது, சீக்கிரமே வெளியில் காட்டியும் கொடுத்துவிடும். பவுடரிலும் துத்தநாகம் கலந்த பிரைமர் உண்டு. அதைப் போட்டு அதன் மேல் கலர் போட்டால் கதை நிறைய மாறும். நம் பக்கத்து வேலை பெரும்பாலும் கிரில், கேட், அலுமினியம், ஃபர்னிச்சர். அதற்கு ஒரே கோட்டோடு நிறுத்திவிடுவார்கள். பிரைமர் வேண்டுமென்று தனியாகச் சொல்லி, அதற்காகவே தூள் வாங்கவைக்க வேண்டும்.

இனி ஹெரால்டு சேசிஸ். 1961-ல் சென்னைக்குப் பக்கத்து வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரிக்க ஆரம்பித்த கார் இது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். அந்தக் காலத்தில் நம் ரோட்டில் ஓடிய அம்பாசிடர், ஃபியட் இரண்டுக்கும் தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். ஹெரால்டுக்கு மட்டும் தனியாக ஒரு சட்டம், அதன் மேல் துண்டு துண்டாகப் பாடி போல்ட் போட்டு உட்காரும். இதனால்தான் பவுடர் கோட்டிங் ஆசையே வருகிறது. ஃபியட்டின் வழிவந்த பத்மினி வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி எழாது. காரையே முழுசாக ஓவனுக்குள் தள்ள முடியாதே. ஜீப்புக்கும் தனி சேசிஸ் என்பதால் ஜீப்காரருக்கு எழும்.

அந்தச் சட்டம் தட்டையான இரும்பு இல்லை. பெட்டி வடிவில் மடித்து வெல்டிங் செய்த குழாய்கள், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள். பெட்டிக்குள்ளே காற்றும் ஈரமும் போகும், ஸ்ப்ரே கன் போகாது. பவுடருக்கு உள்மூலைகள் என்றாலே ஆகாது. மின்னேற்றம் வெளி விளிம்புகளையே தேடிப் போவதால் ஆழமான மூலையில் தூள் போய் உட்காராது. சட்டத்தில் கைகள் வந்து சேரும் இடங்கள் அத்தனையும் அப்படிப்பட்ட மூலைகள்தான். வெளியே எல்லா இடத்திலும் 80 மைக்ரான், சேறு போய் அடைகிற மூலையில் மட்டும் பேருக்கு ஒரு பூச்சு. ஹெரால்டில் முதலில் அழுகுவதும் அந்த இடங்கள்தான்.

இன்னொன்று தொட்டி. பவுடர் கடைகளில் 'செவன் டேங்க்' என்று பெருமையாகச் சொல்வார்கள். எண்ணெய் போக்க ஒரு தொட்டி, துரு போக்க ஆசிட் தொட்டி, பாஸ்பேட் தொட்டி, நடுநடுவே தண்ணீர்த் தொட்டிகள். கிரில்லுக்கும் தகட்டுக்கும் இது அருமையான முறை. பெட்டிச் சட்டத்தை முக்கினால் ஆசிட் மடிப்புகளுக்குள்ளும் வெல்டிங் ஓரத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை தண்ணீரில் அலசினாலும் முழுசாக வராது. ஓவன் சூட்டில் கொஞ்சம் கொதித்து வெளியே வந்து கோட்டிங்கில் கொப்புளம் போடும். மீதி உள்ளேயே இருந்து, ஆறு மாதம் கழித்து மடிப்பு ஓரத்தில் பழுப்பாக வடியும். சேசிஸ் என்றால் மணலை வேகமாகப் பீய்ச்சித் துருவைப் போக்கும் பிளாஸ்டிங்தான், தொட்டியே வேண்டாம். பிளாஸ்டிங் முடிந்ததும் பெட்டிக்குள் போன மணலைக் காற்றடித்து வெளியேற்ற மறக்கக் கூடாது; அந்த மணல் உள்ளே தங்கி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, வேகவைப்பது. ஓவனின் மீட்டர் காட்டுவது காற்றின் சூட்டை. கிரில் கம்பி சீக்கிரம் சூடேறிவிடும். சேசிஸின் கனமான பாகங்கள் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. ஒரு கடையில் இதைக் கேட்டபோது, "கிரில்லுக்கு என்ன டைமோ அதே டைம்தான் சார், எல்லாம் இரும்புதானே" என்றார் ஓவன் பார்க்கிறவர். அங்கேதான் சிக்கல். அரைவேக்காட்டுப் பவுடர் பார்வைக்கு ஒரு குறையும் காட்டாது, பளபளப்பும் இருக்கும். கல் பட்டால் சில்லாகப் பெயரும். சோதிக்க ஒரு எளிய வழி: பஞ்சில் தின்னர் தொட்டு, கண்ணில் படாத ஒரு கனமான இடத்தில் இருபது முப்பது தடவை தேயுங்கள். பஞ்சில் கலர் நிறைய ஏறினாலோ, தேய்த்த இடம் பிசுபிசுத்தாலோ வேகவில்லை என்று அர்த்தம். லேசாகப் பளபளப்பு மங்குவது பரவாயில்லை. கடைக்காரர் முகம் சுளிப்பார், அதைப் பார்க்காதீர்கள். போவதற்கு முன் ஓவனின் நீளத்தையும் கேட்டுவிடுங்கள். ஹெரால்டு முழுக் கார் 13 அடிக்குக் கொஞ்சம் குறைவு, சேசிஸும் கேட் மாதிரி சின்னச் சாமான் இல்லை.

கடைசியாக, பழுது. இரண்டு வருஷம் கழித்துச் சேசிஸில் ஒரு இடத்தில் வெல்டிங் வைக்க வேண்டி வரும். வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், இது அறுபது வருஷத்து இரும்பு. பவுடர் போட்டிருந்தால் அந்த இடத்தில் உரித்து, வெல்டிங் வைத்து, மேலே பெயின்ட்தான் அடிக்க வேண்டும். ஒரு சேசிஸை மறுபடி பிரித்து ஓவனுக்குக் கொண்டுபோக யாருக்கும் மனசு வராது. கடைசியில் பெயின்ட்டுக்குத்தான் வரப்போகிறோம் என்றால், முதலிலேயே பெயின்ட் அடித்து, ஓரம் தேய்த்துப் பழைய கோட்டோடு புதுக் கோட்டைச் சேர்க்க வழி வைத்துக்கொள்வது மேல் இல்லையா? நண்பருக்கு நான் சொன்ன காரணங்களில் அவர் கொஞ்சமாவது அசைந்தது இதற்குத்தான்.

பெட்டியின் உட்புறத்துக்குப் பவுடரும் இல்லை, பெயின்ட்டும் இல்லை, மெழுகுதான். நீளக் குழாயில் முனை வைத்து உள்ளே சுற்றிலும் தெளிக்கும் கேவிட்டி மெழுகு. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்பதை யோசித்தால், அந்தப் பெட்டிகளுக்குள் என்ன தேங்கியிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். வடிகால் ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா என்று ஒரு கம்பியை விட்டுப் பார்த்துவிட்டு மெழுகு அடியுங்கள்.

சேசிஸுக்குப் பவுடர் வேண்டாம் என்பதால் பவுடரே ஆகாது என்று இல்லை. சாக்கில் இருக்கும் சாமான்களில் பலவற்றுக்கு அதுதான் சரி. பம்பர் பிராக்கெட், ஹாரன் பிராக்கெட், பேட்டரி தட்டு, சீட் ஃப்ரேம், பெடல், ஏர் ஃபில்டர் டப்பா, தகட்டு ராக்கர் கவர். இவற்றைக் கையால் பெயின்ட் அடிக்க உட்கார்ந்தால் ஒரு பக்கம் அடித்து, காயவைத்து, திருப்பி அடித்து, ஒழுகலைத் தேய்த்து என்று பொழுது போய்க்கொண்டே இருக்கும். பவுடரில் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டால் சுற்றி வளைத்து ஒட்டிக்கொள்ளும். வெயிலே படாத பாகத்துக்கு எபாக்ஸி பவுடர் கேளுங்கள். பேட்டரி தட்டுக்கு அதுதான் பொருத்தம். வெயில் படும் இடத்துக்குப் பாலியஸ்டர். எபாக்ஸி வெயிலில் சுண்ணாம்பு போல வெளுத்துவிடும். கறுப்பு எந்தக் கடையிலும் தினமும் ஓடும். ஒரு சாக்குச் சாமானுக்காக வேறு கலர் கேட்டால் தூள் வாங்கும் செலவு உங்கள் தலையில்தான் விழும். அதற்கு முந்தைய நாள் வெள்ளை கேட் ஓட்டியிருந்தால் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் வரலாம். அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீல் ரிம்முக்கும் பவுடர்தான் என் ஓட்டு. ஹெரால்டின் இரும்பு ரிம் கல், சேறு, கழுவுவது என்று எல்லாவற்றையும் தினமும் வாங்கிக்கொள்வது. ஆனால் நட்டு உட்காரும் கூம்பையும், டிரம்மோடு ஒட்டி உட்காரும் முகத்தையும் மாஸ்க் செய்யாமல் விடக் கூடாது. அங்கே தடிமனான பூச்சு இருந்தால், நட்டை எவ்வளவு முறுக்கினாலும் ஓட ஓட அது நசுங்கிக் கொடுக்கும், நட்டு தளரும். சஸ்பென்ஷன் போல்ட் உட்காரும் எல்லா முகங்களுக்கும் இதே கதைதான். மறை (த்ரெட்) உள்ள ஓட்டைகளில் சிலிக்கான் அடைப்பான், தட்டையான முகங்களில் சூடு தாங்கும் பச்சை டேப். இதைக் கடைக்காரர் செய்வார் என்று நம்பி விட வேண்டாம். டேப்பை நாமே ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. பேட்டரி, ஸ்டார்ட்டர், லைட்டுகளுக்கு எர்த் எடுக்கும் இடங்களையும் மறக்காதீர்கள். பவுடர் மின்சாரத்தை விடாது. புது வயரிங் எல்லாம் போட்டு முடித்தபின் லைட் மின்னி மின்னி எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஓவனுக்குள்ளேயே போகக் கூடாதவை சில உண்டு. ரேடியேட்டர், ஈயப் பற்று வைத்த எதுவும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். பெட்ரோல் டேங்க் அறவே கூடாது. காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும், ஓவன் வெடிக்கும். ரப்பர் புஷ், கிரீஸ், பேரிங் எதையும் கழற்றாமல் அனுப்பக் கூடாது. பின்பக்கம் குறுக்காகப் போடும் லீஃப் ஸ்பிரிங்கைப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பெயின்ட் அடியுங்கள். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் பவுடர் அங்கே சுருண்டு போகும். ஆசிட் தொட்டியும் ஸ்பிரிங் இரும்புக்கு எமன். முன் சக்கரத்தைத் தாங்கும் வெர்டிகல் லிங்க்கின் மறையும், ஸ்டியரிங் திருப்பும்போது அது சுழலும் டிரனியன் என்ற அடி மூட்டும் எண்ணெயிலேயே வாழ வேண்டியவை. அந்த மறையில் ஒரு துளிப் பூச்சும் போகக் கூடாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பவுடரும் தாங்காது, பி.யூ.வும் தாங்காது. சூடு தாங்கும் தனிப் பெயின்ட் வேண்டும். என்ஜின் பிளாக்குக்கு என்ஜின் எனாமல்.

பாடிக்கு வந்தால் பேச்சே இல்லை, பெயின்ட்தான். பட்டி அந்தச் சூட்டைத் தாங்காது. டிங்கரிங் செய்த அறுபது வருஷத்துத் தகட்டில் பட்டி இல்லாமல் நேர்க்கோடு வராது. பவுடரின் மேல்தோல் ஆரஞ்சுத் தோல் போலத் துளித்துளியாக இருக்கும். பெயின்ட்டை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துப் பாலிஷ் ஏற்றுவது போல அதைச் சுலபமாக ஏற்ற முடியாது. பழைய கலரைப் பார்த்து அதே நிறம் கலக்கவும் பெயின்ட் கடையில்தான் முடியும். டியூகோ என்கிற பழைய லாக்கர் பெயின்ட்டா, பி.யூ.வா என்பது வேறு பஞ்சாயத்து. டியூகோவில் அந்தக் காலத்து மென்மையான பளபளப்பு வரும், உண்மைதான். ஐப்பசி கார்த்திகையில் அடித்தால் ஈரத்தில் வெள்ளை பூத்துப் போகும். கடலூரில் வெளியில் நிறுத்தப் போகிற வண்டிக்கு நான் பி.யூ.தான் சொல்வேன். ஒரு கண்டிஷன். பி.யூ. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது; அது நுரையீரலுக்குப் போனால் ஆஸ்துமாவில் கொண்டு விடும். மேஸ்திரி கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்க வந்தால், "இது வேண்டாம் அண்ணே" என்று சொல்லி, வெளிக்காற்றுக் குழாய் வைத்த மாஸ்க் உள்ள பட்டறையாகப் பாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அடித்தளம் ஒன்றுதான். கடலோர இரும்பில் துருக்குழிகளுக்குள் உப்பு இருக்கும், பிளாஸ்டிங் செய்தும் குழியின் அடியில் தங்கும். பிளாஸ்டிங் முடிந்ததும் சாம்பல் நிறமாக, ரொம்பச் சுத்தமாகத் தெரியும். நல்ல தண்ணீரை லேசாகத் தெளித்து ஒரு இரவு விட்டுப் பாருங்கள். குழிகளில் மட்டும் கறுப்பாகவோ பழுப்பாகவோ புள்ளி பூத்தால் உப்பு போகவில்லை. நல்ல தண்ணீரில் அழுத்திக் கழுவி, சூடு காட்டி உலர்த்தி, மறுபடி பிளாஸ்டிங். இப்படி இரண்டு சுற்று போனால்தான் எந்தப் பூச்சும் நிற்கும். இரண்டாவது சுற்றுக்கு ஆகும் செலவைப் பார்த்துப் பின்வாங்குகிறவர்கள்தான் பிறகு பவுடர் மோசம், பெயின்ட் மோசம் என்று திட்டுகிறார்கள். கடைசிச் சுற்று முடிந்த இரும்பை அன்றைக்கே பிரைமருக்குள் கொண்டுவர வேண்டும். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து கடலூர் வந்து சேர்வதற்குள்ளேயே மஞ்சள் படர்ந்துவிடலாம். அதனால் பிளாஸ்டிங் செய்யும் இடத்திலேயே எபாக்ஸி பிரைமர் அடிக்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் சேசிஸை அனுப்ப வேண்டும். ஐப்பசிக்கு முன்னால் தேதி வாங்கிவிடுங்கள். தை, மாசி இன்னும் நல்லது.

அனுப்புவதற்கு முன்னால் சேசிஸ் நம்பரைக் கண்டுபிடித்துப் போட்டோ எடுத்து, மேலே கனமான டேப் ஒட்டிவிடுங்கள். தனித் தகட்டில் இருந்தால் கழற்றி வீட்டில் வையுங்கள். பிளாஸ்டிங்கில் பொறிப்பு தேயும், மீதி இருப்பதைத் தடிமனான கோட்டிங் மூடிவிடும். எஃப்.சி. புதுப்பிக்கப் போகும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸில் பேப்பர் வைத்துப் பென்சில் பிரின்ட் எடுக்கச் சொன்னால் ஒன்றும் விழாது. 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு வின்டேஜ் பதிவு கேட்கலாம், நம்பரில் 'வி.ஏ.' எழுத்து வரும். அதற்குப் போகிறவர் சேசிஸிலும் பாடியிலும் மாறுதல் செய்யக் கூடாது. வின்டேஜ் பதிவு வேண்டாம், சாதாரணப் பதிவே போதும் என்று இருந்துகொண்டு பாடி கலரை மட்டும் மாற்றினாலும், அதை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.